தெப்பக்காடு: தடி இழுத்தவங்க படிச்ச பள்ளிக்கூடம்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு மக்கா. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2023-ல 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சப்ப, பொம்மன் - பெள்ளி தம்பதியோட சேர்ந்து தெப்பக்காடும் உலகம் பூரா பேமஸ் ஆயிடுச்சு. கூடலூர்லேர்ந்து மைசூர் போறவங்க மாயாறு பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்தி, யானைக்கு ராகி உருண்டை ஊட்டுறதைப் பார்த்துட்டுப் போவாங்க. நானும் அப்படிப் பார்த்தவன்தான். ஆனா அந்த முகாம் யானைகள் ஒரு காலத்துல அங்க எதுக்கு இருந்துச்சுன்னு யோசிச்சதே இல்ல.

மரம் இழுக்கத்தான்!

முதுமலைக் காடு நிலம்பூர் திருமுல்பாடுக்குச் சொந்தமா இருந்தது. 1857-ல பிரிட்டிஷ் அரசு அதைக் குத்தகைக்கு எடுத்துச்சு. 1914-ல விலைக்கே வாங்கிடுச்சு. தேக்குக்கு அவ்வளவு கிராக்கி. கூப்புல வெட்டின தடியை ரோட்டுக்குக் கொண்டுவர யானை வேணும். யானையை நடத்த ஆள் வேணும். தெப்பக்காடு முகாம் 1910-ல தொடங்கினதா வனத்துறை கணக்கு.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. வன அதிகாரிகளுக்குப் பாடம் சொல்ல டேராடூன்ல 1878-லயே பள்ளி வந்தாச்சு. கோயம்புத்தூர்ல 1912-ல மெட்ராஸ் வனக் கல்லூரி வந்துச்சு. காட்டுல இறங்கி வேலை பார்த்தவனுக்கு? அப்பா, மாமா, மூத்த பாகன், இவங்கதான் வாத்தியார். முதல்ல காவடியா சேரணும். ராத்திரி காட்டுல மேய விட்ட யானையை, காலையில சங்கிலி இழுபட்ட தடத்தை வெச்சுத் தேடிப் புடிக்கணும். தேய்ச்சுக் குளிப்பாட்டணும். எங்க புண்ணு, எப்ப மதம்னு கண்ணால பார்த்தே கத்துக்கணும். பாகன் ஆகறதெல்லாம் அப்புறம்தான்.

வேலையும் லேசுப்பட்டது இல்ல. சரிவுல தடி இழுக்கும்போது, தடி வழுக்கி முன்னாடி ஓடினா யானையோட பின்னங்காலை அடிச்சுடும். அதனால எந்தப் பக்கம் திருப்பணும், எப்ப சங்கிலியத் தளர்த்தணும்னு மேல உக்காந்திருக்கிறவன் அந்த நொடியில முடிவு பண்ணணும். அதை வாய்ச் சொல்லாலயும், காதுக்குப் பின்னால கால் கொடுக்கிற அழுத்தத்தாலயும் யானைக்குச் சொல்லணும். யானை போக ரோடு போட வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம். காட்டுக்குச் சேதம் குறைவா மரம் எடுக்கிறது எப்படின்னு ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு 1996-ல ஒரு விதித்தொகுப்பே போட்டுச்சு. அந்தத் தொகுப்பு வர்றதுக்குப் பல காலம் முன்னாடியே யானையும் பாகனும் அந்த மாதிரி வேலையைத்தான் செஞ்சுட்டு இருந்தாங்க. (காட்டையே வெட்டினதுக்கு இது சமாதானம் இல்ல, அது வேற கதை.)

இந்த அறிவு காகிதத்துல ஏறினதுக்கு முக்கியமான ஒருத்தர் டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனோட 'யானை டாக்டர்' கதை படிச்சிருப்பீங்க, அவரேதான். முகாம் யானைகளோட பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை வெச்சு சுகுமாரும் அவரும் இன்னும் சிலரும் 1997-ல எழுதின ஆய்வுக் கட்டுரை இருக்கு. மரம் இழுக்கிறதுக்காக எழுதி வெச்ச கணக்கு, கடைசியில அறிவியல் ஆச்சு.

அப்புறம் கோடாலி ஓய்ஞ்சுது. 1972 வனவிலங்குச் சட்டம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், வருமானத்தை விட காட்டைக் காக்கிறதுதான் முதல்னு சொன்ன 1988 வனக் கொள்கைன்னு வரிசையா வந்துச்சு. கூடலூர்க் காடு அழியுதேன்னு 1995-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் யாருன்னு நினைக்கிறீங்க? டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு. அதே நிலம்பூர் கோவிலகத்துக்காரர்! 1996 டிசம்பர் 12-ல வந்த உத்தரவு நாடு முழுக்க மரம் வெட்டுறதுக்குக் கடிவாளம் போட்டுச்சு.

கூப்பு போச்சு, ஆனா கைத்தொழில் போகல. தடி இழுத்த பாகன்களோட வாரிசுகள் கும்கி நடத்துறாங்க, ரோந்து போறாங்க, தாயை இழந்த குட்டிகளை வளர்க்கிறாங்க. பலரைக் கொன்ன மக்னா ஒண்ணை 1998-ல புடிச்சுட்டு வந்தாங்க. மூர்த்தின்னு பேரு வெச்சு, சாந்தமான கும்கியா மாத்தினாங்க. 2024-ல அது சாகற வரைக்கும் அவங்ககிட்டதான் இருந்துச்சு. இதுக்கு எந்தக் காலேஜ்ல சர்டிஃபிகேட் தர்றாங்க?

2023-ல தமிழக அரசு பாகன், காவடி 13 பேரைப் பயிற்சிக்குத் தாய்லாந்து அனுப்புச்சு. 50 லட்ச ரூபாய் செலவு. போன இடம் லாம்பாங். அங்க 1969-ல தொடங்கினதும் மரம் இழுக்கக் குட்டி யானைகளைப் பழக்கின பள்ளிதான். 1989-ல தாய்லாந்து மரம் வெட்டத் தடை போட்டப்ப, அவங்களும் இதே மாதிரி நடுத்தெருவுல நின்னு வேற வேலைக்கு மாறினவங்க. போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். நாலு இடம் பார்க்கிறது நல்லதுதான்.

ஆனா நம்ம ஊர் மூத்த பாகன்கிட்ட நோட்டுப் புத்தகத்தோட போய் உக்காந்து, "ஐயா, நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்"னு கேட்க எவ்வளவு ஆகிடும்? அவரை வாத்தியார்னு சொல்லி, வாத்தியாருக்கு உண்டான சம்பளத்தைக் கொடுக்கவும்தான். அவரோட பேரன் மொபைல் கடைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிட்டா, இந்தப் பாடத்தைத் திரும்ப எழுத எந்த லாம்பாங்கும் உதவாது.

உங்க தாத்தா, மாமா யாராச்சும் கூப்புல வேலை பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆர்வமா காத்திருக்கேன்.