ஸ்காட்லாந்துக் குலச் சின்னங்களும் புனைவு வரலாறுகளும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதியில் வாழ்ந்த குலக்குழுக்கள் 'கிளான்' என அழைக்கப்பெறுகின்றன. இக்கேலிக் மொழிச் சொல்லுக்குப் 'பிள்ளைகள்' என்பதே நேர்ப்பொருள். ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்னும் நம்பிக்கை இக்குழுக்களைப் பிணைத்த கயிறாகும். இன்று எடின்பரோ நகரக் கடைத்தெருக்களில் ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒரு சின்னம், ஒரு டார்டன் துணி, ஒரு பக்க அளவிலான வரலாறு ஆகியவை விற்பனைக்குக் கிடைக்கின்றன. இவற்றுள் எவை சான்றுடையன, எவை பிற்காலப் புனைவுகள் என்பதைச் சின்னம், வழிமரபு, ஆடை ஆகிய மூன்று நிலைகளில் ஆராய்வதும், அப்புனைவுகள் யாருக்குப் பயன்பட்டன என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சின்னத்தின் உரிமை

ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னம் என்பது அலங்காரப் பொருளன்று. அது சட்டத்தால் காக்கப்படும் சொத்து. 1592ஆம் ஆண்டுச் சட்டம் சின்னங்களை ஆய்வுசெய்யவும் முறைகேடாகப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கவும் லார்ட் லயன் என்னும் அதிகாரிக்கு உரிமை வழங்கியது. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அனைத்துச் சின்னங்களுக்குமான பொதுப் பதிவேடு நிறுவப்பெற்றது. லார்ட் லயனின் மன்றம் இன்றும் எடின்பரோவில் இயங்கிவருகிறது.

இச்சட்டத்தின்படி ஒரு சின்னம் தனியொருவருக்கே உரியது. குடும்பப் பெயருக்கு எனச் சின்னம் கிடையாது. தந்தையின் சின்னத்தை இளைய மகன் அப்படியே பயன்படுத்த இயலாது. உரிய வேறுபாட்டுக் குறியைச் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். எனவே, 'கேம்பல் குடும்பச் சின்னம்' எனக் கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் குலத்தலைவரின் தனியுரிமைச் சின்னமே. குல உறுப்பினர் அணியத்தக்கது, தலைவரின் முடிச்சின்னத்தைச் சுற்றி வார்ப்பட்டையும் கொக்கியும் அமைந்த வில்லை மட்டுமே. அதனை அணிவது 'நான் இத்தலைவரைச் சார்ந்தவன்' என அறிவிப்பதாகும். சின்னத்தின் உரிமை அணிபவருக்கு வந்துவிடுவதில்லை.

மேலும், ஒரே பெயர் உடையோர் அனைவரும் ஒரே குருதி உடையோர் என்பதும் பொருந்தாது. நிலம், பாதுகாப்பு ஆகியவற்றின் பொருட்டுத் தலைவரின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்ட குடியானவர் பலர். 'பிள்ளைகள்' என்னும் சொல் குறித்த உறவு, பெரும்பகுதி அரசியல் உறவே.

வழிமரபுப் புனைவு: மெக்கன்சி குலம்

வழிமரபு புனையப்பட்டமைக்கு மெக்கன்சி குலம் தக்க சான்றாகும். பதினேழாம் நூற்றாண்டில் பரவிய இக்குல வரலாறு, அயர்லாந்தின் புகழ்பெற்ற ஃபிட்ஸ்ஜெரால்டு மரபைச் சேர்ந்த காலின் என்பவரை முதல்வராகக் காட்டுகிறது. அவர் 1263ஆம் ஆண்டு லார்க்ஸ் போரில் மன்னர் மூன்றாம் அலெக்சாந்தருக்காகப் போரிட்டார் என்றும், அதற்குப் பரிசாக 1266இல் கின்டேல் நிலப்பகுதியைப் பட்டயத்தின்வழிப் பெற்றார் என்றும் அது கூறுகிறது. வேட்டையில் மன்னரைத் தாக்கவந்த கலைமானைக் கொன்று அவரைக் காத்ததால் கலைமான் தலை குலச் சின்னமாயிற்று என்பது அக்கதையின் மற்றொரு கூறு.

ஆனால், 1467ஆம் ஆண்டைக் கொண்டு பெயரிடப்பெற்ற கேலிக் குலவரிசைச் சுவடியில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பெயர் இல்லை. அது மெக்கன்சிகளைக் கில்லியோன் என்னும் உள்நாட்டு முதல்வரின் வழியினராகக் காட்டுகிறது. 1837இல் வில்லியம் ஸ்கீன் தம் மலைநாட்டார் பற்றிய நூலில் அயர்லாந்துத் தோற்றக் கதையை மறுத்தார். 1266ஆம் ஆண்டுப் பட்டயத்தையும் பிற்கால ஆய்வாளர் போலி என ஒதுக்கினர். 1981இல் டேவிட் செல்லார், மலைநாட்டு வழிமரபுகள் ஆக்கப்பட்டதையும் போலியாக்கப்பட்டதையும் தனிக்கட்டுரையாகவே ஆராய்ந்தார். அவரே 2008 முதல் 2014 வரை லார்ட் லயனாகப் பணியாற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

மறுக்கப்படுவதற்கு முன்பே அக்கதை வேரூன்றிவிட்டது. குலத்தலைவர் பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சியின் வேண்டுகோளுக்கிணங்க, ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட் 1786இல் மானிடமிருந்து மன்னர் காக்கப்படும் காட்சியை மாபெரும் ஓவியமாகத் தீட்டினார். அதே தலைவர் 1793இல் திரட்டிய 78ஆம் படைப்பிரிவு, கலைமான் தலையையும் 'மன்னருக்கு உதவு' எனப் பொருள்படும் கேலிக் தொடரையும் தன் அடையாளமாகக் கொண்டது. நிகழாத ஒரு நிகழ்ச்சியின் நினைவைத் தாங்கியே அப்படை 1803இல் இந்தியாவின் அசாயே போர்க்களத்தில் நின்றது.

பிற குலங்களிலும் இத்தகைய உரிமைகோரல்கள் உள்ளன. கேம்பல் குலத்தாரின் தோற்றம் ஒரு காலத்தில் ஆர்தர் மன்னரோடும், பின்னர் நார்மானியப் பிரபுக்களோடும் இணைக்கப்பட்டது. மெக்ரெகர் குலத்தார் ஒன்பதாம் நூற்றாண்டு மன்னர் ஆல்பினின் வழியினர் எனக் கூறிக்கொண்டனர். அதற்குச் சமகாலச் சான்று இல்லை. அந்தந்தக் காலத்தில் எது மதிப்புடையதாக இருந்ததோ, அதற்கேற்ப மூதாதையரும் மாறினர் என்பது இவற்றால் புலனாகிறது.

ஆடையும் போலிச் சுவடியும்

1703இல் வெளிவந்த மார்ட்டின் மார்ட்டின் என்பாரின் மேற்குத் தீவுகள் பற்றிய நூல், போர்வையின் கோலத்தைக் கண்டே ஒருவரின் ஊரை அறியலாம் எனக் குறிப்பிடுகிறது. ஆகவே, டார்டன் துணி பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கோலம் இடத்தைச் சுட்டியதேயன்றிக் குலப்பெயரைச் சுட்டவில்லை. 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு ஆடையைத் தடைசெய்தது. 1782இல் தடை நீக்கப்பட்டது. 1815இல் லண்டன் மலைநாட்டார் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரிகளைக் கேட்டபோது, தம் குலத்திற்குரிய கோலம் எதுவென அறியாத தலைவர்களும் இருந்தனர். பேனக்பர்னைச் சேர்ந்த வில்சன் நெசவு நிறுவனம் எண்களால் விற்ற கோலங்கள் சில, பின்னாளில் குலப்பெயர்களைப் பெற்றன.

இவ்வெற்றிடத்தை நிரப்பியது 1842இல் வெளியான 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்னும் நூல். சோபியெஸ்கி ஸ்டூவர்ட் எனத் தம்மை அழைத்துக்கொண்ட சகோதரர் இருவர் அதனை வெளியிட்டனர். அவர்களின் இயற்பெயர் ஆலன். எனினும் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் பேரர்கள் எனத் தம்மைக் காட்டிக்கொண்டனர். 75 டார்டன் கோலங்களைத் தரும் அந்நூல் பதினாறாம் நூற்றாண்டுச் சுவடியை மூலமாகக் கொண்டது என்றனர். அம்மூலச் சுவடி எவர் பார்வைக்கும் வைக்கப்படவில்லை. 1829இலேயே சர் வால்டர் ஸ்காட் இதன் உண்மைத்தன்மையில் ஐயங்கொண்டார். 1980இல் ஸ்டூவர்ட், தாம்சன் ஆகியோர் வெளியிட்ட நூல் இது போலி என்பதை விரிவாக நிறுவியது. ஆயினும், அந்நூலின் கோலங்கள் பல இன்றும் குல டார்டன்களாக அணியப்படுகின்றன.

புனைவின் பயன்

1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவிற்கு வருகை புரிந்தபோது, வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் குலத்தலைவர்கள் டார்டன் உடுத்தி அணிவகுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சதர்லாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடியானவர் ஆட்டுப் பண்ணைகளுக்காகத் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். 1815இல் 'உண்மை மலைநாட்டார் சங்கம்' தோற்றுவித்த கிளென்கேரி தலைவர் மெக்டானல், தம் நிலங்களிலிருந்தும் குடியானவரை வெளியேற்றியவர். உறவுக் கடமை கைவிடப்பட்ட அதே காலத்தில் உறவின் புறக்குறிகள் செழித்தன. தலைவரைத் தந்தையாகக் காட்டிய வரலாறு, நிலவுடைமையாளராக மாறிவிட்ட தலைவரை மறைக்கும் திரையாயிற்று. இதுவே இப்புனைவுகளின் மிகக் கடுமையான விளைவு எனலாம்.

1983இல் ஹியூ ட்ரெவர்ரோப்பர் மலைநாட்டு மரபு முழுவதையுமே பிற்காலப் புனைவு என வாதிட்டார். அவர் கூற்று மிகையானது. டார்டன் துணியும் கேலிக் குலவரிசைகளும் குல அமைப்பும் அவருக்குத் தோன்றியதைவிடப் பழமையானவை. போலியை மறுக்கும் ஆய்வாளர், சான்றுள்ளதையும் சேர்த்து மறுத்துவிடும் இடர் இங்கே உள்ளது.

முடிவுரை

தமிழாய்வாளருக்கு இப்பொருளில் நேரடித் தொடர்பொன்று உண்டு. தென்னிந்தியச் சுவடிகளையும் பாளையக்காரர் வம்சாவளிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, அன்று சீஃபோர்த் மெக்கன்சிகளுக்கு உரியதாயிருந்த லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்தவர். அவர் 1821இல் மறைந்தார். அவருடைய தொகுப்பின் ஒரு பகுதி இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தம் குலத்தின் தோற்றமே கற்பனையில் தோய்ந்திருக்க, பிறர் குலவரலாறுகளைத் தேடித் தொகுத்தவர் அவர். அவர் திரட்டிய வம்சாவளிகளைப் படிக்கும்போதும் ஸ்காட்லாந்து ஆய்வாளர் கையாண்ட வினாக்களையே நாம் கேட்க வேண்டும்: இக்கூற்று முதன்முதல் எப்போது எழுதப்பட்டது? அதற்கு முந்தைய சான்று என்ன கூறுகிறது? எழுதுவித்தவருக்கு அதனால் கிடைத்தது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காணும்போது, போலியெனத் தெளிந்த வம்சாவளியும் தான் கூறும் காலத்திற்கு அன்றி, தான் எழுதப்பட்ட காலத்திற்கு நம்பத்தக்க சான்றாக அமையும்.