கல்லை வளைத்தவரின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 10 பிள்ளைகளோடு கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தினோம். பாதையோரப் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நேர்கோடுகள் அல்ல, மடித்து வீசிய சாரம் மாதிரி வளைந்து நெளிந்த கோடுகள். ஒரு மகன் கேட்டார்: "சேர், கல்லு எப்பிடி ஒடயாம வளைஞ்ச?"

எங்கள் மலைநாட்டுப் பாறைகள் சுமார் 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன் 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்து வெந்தவை. அந்த ஆழத்தில் அமுக்கம், நாம் இப்போது உணரும் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 8,000 மடங்கு. அங்கே கல் உடையாது, மெதுவாக வழியும். இந்த விடையைச் சொல்வது லேசு. அதை ஆய்வுகூடத்தில் காட்டியவர்களில் முன்னோடி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதுதான் எங்களுக்குப் பாரமாக இருந்தது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அவர் பெயர் டேவிட் கிரிக்ஸ். 1911இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் றொபட் கிரிக்ஸ் ஒரு தாவரவியலாளர். 1912இல் அலஸ்காவில் பெரிய எரிமலை வெடிப்பொன்று நடந்தது. அந்தப் பக்கம் ஆராயப் போன தகப்பன்தான் 1916இல், நிலமெல்லாம் ஆவி பறக்கும் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டு 'பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு' என்று பெயர் வைத்தவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பூமியின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

1930களில் கிரிக்ஸ் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உயர் அமுக்க ஆய்வுக்காகப் பின்னர் 1946இல் நோபல் பரிசு பெற்ற பேர்சி பிறிட்ஜ்மன் அங்கேதான் இருந்தார். சிறு உருளையாக வெட்டிய கல்லை நாலாபுறமும் பல ஆயிரம் மடங்கு அமுக்கத்தில் நெருக்கிக்கொண்டு, ஒரு பக்கத்தால் மட்டும் இன்னும் அழுத்திப் பார்த்தார் கிரிக்ஸ். வெளியே சுத்தியலால் தட்டினால் சிதறும் சுண்ணாம்புக்கல், அந்த நெருக்கத்துக்குள் பீப்பா மாதிரி உப்பிக்கொண்டு வடிவம் மாறியது. உடையவில்லை.

அவர் எடுத்த கல் ஜேர்மனியின் சோல்ன்ஹோபன் என்ற ஊருடையது. மாவு போல நுண்ணிய மணிகள் கொண்ட கல். இதே கல்தான் கல்லச்சுக்கு உலகெங்கும் பெயர்பெற்றது. கல்லச்சு என்றதும் எங்களுக்கு உம்மும்மாவின் பெட்டகத்தில் இருந்த பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகள்தான் ஞாபகம் வந்தன.

அமுக்கம் மட்டும் போதுமா, காலமும் வேலை செய்கிறதா? இதைப் பார்க்க ஒரு சுண்ணாம்புக்கல் துண்டின் மேல் பாரம் ஏற்றி 500 நாட்களுக்கும் மேலாக அப்படியே விட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவில் அது சுருங்கிக்கொண்டே போனது. 1939இல் அதை எழுதினார். அடுத்த வருடம் ஜிப்சத்தின் ஒரு வகையைத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கினார். உலர்ந்த துண்டை விட நனைந்த துண்டு மிக வேகமாக வழிந்தது. இந்தத் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1939இல் அவர் ஒரு தொட்டியில் பாகு மாதிரியான திரவத்தை ஊற்றி, அதன் மேல் மெல்லிய படையொன்றைப் பரப்பி, உள்ளே இரண்டு உருளைகளைச் சுழல விட்டார். திரவம் மென்மூடி, மேற்படை புவியோடு. உருளைகள் சுழலச் சுழல மேற்படை நடுவில் இழுபட்டு, தடித்து, கீழே தொங்கியது. மலைகளின் வேர் இப்படித்தான் உருவாகலாம் என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வேகனர் ஏளனப்பட்டு, 1930இல் கிறீன்லாந்துப் பனியில் மௌத்தாகி ஒன்பது வருடம்தான். கவசத்தகட்டுக் கொள்கையை உலகம் ஏற்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

பிறகு யுத்தம். கிரிக்ஸ் கல்லை விட்டு ராடருக்குப் போனார். யுத்தம் முடிந்து 1948இல் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தாலும் படைத்தரப்பு அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. 1951, 52இல் அமெரிக்க விமானப்படையின் தலைமை விஞ்ஞானி. ஐதரசன் குண்டு வேண்டும் என்று உறுதியாக நின்றவர்.

அணுகுண்டைச் செய்வித்த ஒப்பன்ஹைமர் 1949இல் ஐதரசன் குண்டை அவசரமாகச் செய்வதை எதிர்த்தார். 2023இல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1952இல் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தபோது, தன்னுடைய தேசப்பற்றை அவர் சந்தேகிக்கிறாரா என்று ஒப்பன்ஹைமர் கேட்டார். மேலதிகாரிகளிடம் அப்படிப் பேசியதை கிரிக்ஸ் மறைக்கவில்லை. 1954இல் ஒப்பன்ஹைமர் மீது விசாரணை வந்தபோது கிரிக்ஸ் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அந்த விசாரணை குறைபாடானது என்று அமெரிக்க அரசே அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது 2022 டிசம்பரில். அதற்குள் இருவரும் காலமாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. 1954இல் மார்ஷல் தீவுகளில் வெடித்த ஐதரசன் குண்டின் நச்சுத் தூசு தீவு மக்கள் மேல் விழுந்தது. 1956இல் கிரிக்ஸும் எட்வேட் டெல்லரும் குண்டுகளை ஆழ நிலத்துக்குள் வெடிக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். பாறை எவ்வளவு தாங்கும், எங்கே உருகும், எங்கே மூடிக்கொள்ளும் என்பது கிரிக்ஸுக்குக் கைவந்த கணக்கு. 1957 செப்டெம்பரில் நெவாடாவில் ஒரு மலைக்குள் குண்டு வெடித்தது. நச்சு உள்ளேயே அடங்கியது. ஆகாயம் பிழைத்தது. ஆனால் குண்டு நிற்கவில்லை: நெவாடாவின் நிலத்துக்குள் மட்டும் பிறகு 800க்கு மேற்பட்ட சோதனைகள்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோது ஒரு டீச்சர், "பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? கல்லு வளைஞ்ச கதையோட நிப்பாட்டுங்களேன்" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு, சோதனைத்தாளில் இது வராது. ஆனால் விஞ்ஞானிகளை நாங்கள் அவ்லியாக்களைப் போலவே சொல்லிக் கொடுத்துப் பழகிவிட்டோம். பிள்ளைகள் வளர்ந்து மீதியை வேறு எங்காவது வாசிக்கும்போது எங்களையும் சேர்த்தே நம்பாமல் போவார்கள். எனவே முழுவதையும் சொன்னோம்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் கல்லை விடவே இல்லை. குவாட்ஸ் என்னும் வெள்ளைக் கல் அவரை முப்பது வருடம் ஏமாற்றியது. ஆற்று மணலில் பளபளப்பது அதுதான். மலைகளுக்குள் அது வழிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகூடத்தில் எவ்வளவு அமுக்கினாலும் அசையவில்லை. திரவத்துக்குப் பதிலாக மெதுமையான திண்மம் ஒன்றால் கல்லைச் சுற்றி, சூடாக்கியபடியே நெருக்கும் ஒரு கருவியை அவர் அமைத்தார். சுற்ற எடுத்த பொருள் டல்க். ஆம், நாங்கள் முகத்துக்குப் பூசும் பவுடரின் அதே கல். வெப்பநிலை நன்றாக ஏறியதும் குவாட்ஸ் திடீரென இளகியது. டல்க் சூட்டில் உடைந்து தனக்குள் கட்டியிருந்த தண்ணீரை விட்டிருந்தது.

பிறகு தண்ணீர் கலந்த செயற்கைக் குவாட்ஸை எடுத்து, தம் மாணவர் பிளாசிக்குடன் சோதித்தார். சுமார் 400 பாகை செல்சியஸிலேயே அதன் பலம் பன்மடங்கு குறைந்தது. 1965இல் இதை வெளியிட்டார்கள். குவாட்ஸுக்குள் சிலிக்கனும் ஒட்சிசனும் கை கோத்து நிற்கின்றன. தண்ணீர் அந்தக் கோத்த கையை விடுவிக்கிறது. வெளியில் சொட்டுக் கூடத் தெரியாத அளவு தண்ணீர். இன்று மலை உருவாக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

அந்தக் கருவிக்கு இன்றும் 'கிரிக்ஸ் கருவி' என்றே பெயர். தண்ணீர் விடாத உப்பைத்தான் பின்னர் பலர் டல்க்குக்குப் பதிலாக வைத்தார்கள். கிரிக்ஸ் 1974 டிசம்பர் 31ஆம் திகதி கொலராடோவில் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தபோது காலமானார்.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மகள் கேட்டார்: "அப்ப அவர் நல்லவரா, கெட்டவரா சேர்?" நாங்கள் விடை சொல்லவில்லை. பலகையில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு, அவர் செய்தவற்றைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். நெவாடாக் குண்டை எந்தப் பக்கம் எழுதுவது என்று மணி அடிக்கும் வரை சண்டை.

ஒரு வேண்டுகோள். யாருடைய வீட்டிலாவது பழைய கல்லச்சுக் கிதாபுகள் இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அன்று மாலையே எங்கள் கையாலேயே கொண்டுவந்து தருவோம்.