மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போகும் பொருள்கள் பலவற்றுக்கு இலங்கை அரசு தடை விதித்தது. பெட்ரோலும் பேட்டரியும் அந்தப் பட்டியலில் இருந்தன. மின்சாரமும் இல்லாத ஊரில் விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டிய மண்ணெண்ணெய் மட்டும் அளவாகக் கிடைத்தது. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் அதற்கே மாறின.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே வண்டிக்காரர் சிறு குப்பியில் பெட்ரோல் வைத்திருப்பார். கார்புரேட்டருக்குள் சில சொட்டு விட்டுக் கிக்கரை உதைப்பார். எஞ்சின் பற்றிச் சூடேறியதும் டாங்கியிலுள்ள மண்ணெண்ணெய் வேலையைத் தொடரும். நடுவழியில் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் குப்பிதான்! அந்தச் சில சொட்டுப் பெட்ரோலுக்குக் கறுப்புச் சந்தையில் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

வண்டிகளில் புதுமையைவிடப் பழமைக்கே அங்கு மதிப்பு இருந்தது வியப்பல்ல. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவு. அழுத்தம் அதிகமுள்ள எஞ்சினில் அது தட்டும், அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் ஓரளவு தாங்கும். ஆனாலும் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரியாத எண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கைக் கழற்றிச் சுரண்டத் தெரியாதவர் வண்டி வைத்துக்கொள்வது கடினம். பெரும்பாலோர் சைக்கிளையே நம்பினர்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 சாலை திறந்தது. பெட்ரோல் தாராளமாக வந்தது. இந்தியத் தயாரிப்பு வண்டிகளும் தெருக்களில் பெருகின.