அமெரிக்க மாநிலத் துப்பாக்கிச் சட்டங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பதையும் அதைப் பொது இடங்களுக்கு எடுத்துச் செல்வதையும் முறைப்படுத்தும் சட்டங்களில் பெரும்பாலானவை மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றியவை. இந்தியாவில் ஆயுதங்கள் ஒன்றியப் பட்டியலில் அடங்குவதால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. அமெரிக்காவிலோ மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். வெர்மான்ட்டில் உரிமம் ஏதுமின்றிக் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அதே துப்பாக்கியோடு பக்கத்து நியூயார்க்கிற்குள் நுழைபவர் சிறை செல்ல நேரிடும். இந்தச் சட்டங்களின் வரலாற்றில் வீட்டில் வைத்திருக்கும் உரிமையைவிட, வீதிக்குக் கொண்டுவரும் உரிமையே அதிகச் சச்சரவுக்கு உள்ளானது.

தொடக்கக் காலம்

ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. அது உட்பட உரிமைச் சாசனத்தின் திருத்தங்கள் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1833இல் தீர்ப்பளித்தது. அதனால் மாநிலங்கள் தத்தம் அரசமைப்பின்படி நடந்துகொண்டன.

ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதற்கு முதலில் தடை விதித்தவை கென்டக்கியும் லூசியானாவும், ஆண்டு 1813. நேர்மையானவன் ஆயுதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி அணிவான், மறைப்பவன் மனத்தில் கெட்ட எண்ணம் இருக்கும் என்பது அக்காலத்துப் பார்வை. கென்டக்கியின் உயர் நீதிமன்றம் 1822இல் இத்தடையைச் செல்லாததாக்கியது. 1850இல் இயற்றிய புதிய அரசமைப்பு அத்தகைய தடை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு வெளிப்படையாகவே அளித்தது. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1846இல், மறைத்துச் செல்வதைத் தடுப்பது செல்லும், வெளிப்படையாக ஏந்துவதைத் தடுப்பது செல்லாது என்று கோடு பிரித்தது.

மாசசூசெட்ஸ் 1836இல் வேறு வழியைக் கண்டது. தக்க காரணமின்றி ஆயுதத்தோடு திரிபவர்மீது, அவரால் தீங்கு நேரும் என்று அஞ்சுபவர் முறையிட்டால், அமைதி காப்பதாக அவர் பிணை கட்ட வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பின்

அடிமை முறை ஒழிந்த பிறகும் தென்மாநிலங்கள் கறுப்பின மக்களின் கையில் ஆயுதம் சேராமல் பார்த்துக்கொண்டன. விடுதலை பெற்றவர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி 1865இல் சட்டம் போட்டது. இத்தகைய சட்டங்களுக்கு எதிர்வினையாக, குடிமக்களின் உரிமைகளை மாநிலங்கள் பறிக்கக் கூடாதென்ற பதினான்காம் திருத்தம் 1868இல் வந்தது. டெக்சஸ் 1871இல், உடனடி ஆபத்து இருந்தாலன்றிக் கைத்துப்பாக்கியோடு வெளியே செல்லக் கூடாது என்றது. மேற்குப் பகுதியில் எல்லோரும் துப்பாக்கியோடு திரிந்ததாகத் திரைப்படங்கள் காட்டினாலும், எல்லை நகரங்கள் பலவற்றில் கடும் தடை இருந்தது. அரிசோனாப் பகுதியின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாதென்ற நகர விதியை நிலைநாட்டப்போய் மூண்டதுதான்.

உரிம முறை

நியூயார்க்கில் 1911இல் நிறைவேறிய சல்லிவன் சட்டம் கைத்துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது. வெளியே எடுத்துச் செல்ல விரும்பியவர் அதற்குத் தகுந்த காரணத்தையும் காட்ட வேண்டியிருந்தது. காரணம் போதுமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் உரிமம் வழங்குபவரிடம் இருந்தது. பல மாநிலங்களில் இந்த விருப்புரிமை முறை பரவியது.

கலிபோர்னியாவில் கறுப்பின உரிமை அமைப்பான கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் துப்பாக்கி ஏந்திக் காவல்துறையினரைக் கண்காணித்துவந்தனர். 1967 மே 2 அன்று அவர்கள் ஆயுதங்களுடன் சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் சென்றனர். அதே ஆண்டில், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடைவிதித்த மல்ஃபர்ட் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார்.

1987இல் காற்று திசைமாறியது. வயது, பயிற்சி, குற்றப் பின்னணியின்மை ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றிய எவருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாதென்று ஃபுளோரிடா சட்டம் இயற்றியது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆதரவோடு இம்முறை மாநிலம் மாநிலமாகப் பரவியது. டெக்சஸ் 1995இல் இதை ஏற்றது. மறைத்து எடுத்துச் செல்வதை முற்றிலும் தடுத்துவந்த கடைசி மாநிலமான இல்லினாய், கூட்டாட்சி நீதிமன்ற ஆணைக்குப் பின் 2013இல் இணங்கியது. வெர்மான்ட்டில் உரிமமே இருந்ததில்லை. அந்த வழியில் அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் சென்றன. 2024இல் உரிமம் தேவையற்ற மாநிலங்கள் 29 ஆயின.

எல்லை கடக்கும்போது

ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. மாநிலங்கள் ஒன்றையொன்று ஏற்பது அவற்றின் சட்டங்களையும் உடன்பாடுகளையும் பொறுத்தது. பயணிகளுக்கு 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஓரளவு பாதுகாப்பளிக்கிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை, குண்டு நீக்கி, கைக்கு எட்டாமல் வைத்து இடைப்பட்ட மாநிலங்களின் வழியே கொண்டுசெல்லலாம். துப்பாக்கியைப் பறிக்கும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. ஆபத்தானவர் என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற ஆணை பெற்றுத் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கைப்பற்றும் சட்டத்தைக் கனெக்டிகட் 1999இல் கொண்டுவந்தது. ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 2018இல் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் மேலும் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2010இல் மெக்டொனால்ட் வழக்கு, பதினான்காம் திருத்தத்தின் வழியே அவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022 ஜூன் 23 அன்று வெளியான புரூயன் தீர்ப்பு, நியூயார்க்கின் தகுந்த காரண நிபந்தனையை 6–3 என்ற கணக்கில் நீக்கியது. கலிபோர்னியா, நியூஜெர்சி உட்பட வேறு ஐந்து மாநிலங்களின் ஒத்த சட்டங்களும் அதனால் ஆட்டம் கண்டன. உடனே நியூயார்க், டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில் போன்ற இடங்களில் துப்பாக்கிக்குத் தடைவிதித்துப் புதிய சட்டம் இயற்றியது.

இன்றைய துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்பது புரூயன் வகுத்த அளவுகோல். இதனால் மறந்துபோன பழைய மாநிலச் சட்டங்கள் நீதிமன்றத்தில் சான்றுகளாயின. டெக்சஸின் 1871ஆம் ஆண்டுத் தடையை நீதிபதிகள் பொது மரபுக்குப் புறம்பானது என்று ஒதுக்கினர். ஆனால் 2024இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறை தொடர்பான நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்ற கூட்டாட்சிச் சட்டத்தை 8–1 என்ற கணக்கில் நிலைநிறுத்தியபோது, மாசசூசெட்ஸ் பாணிப் பிணைச் சட்டங்களை முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டனர்.