ஆட்டோ கியர் வண்டியில் எண்ணெய்க் கசிவு: பேன் கேஸ்கெட்டை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காலையில் காரை எடுத்த பிறகு, வாசல் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு கறை. மினியாக் ஹித்தாமைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டோ கியர் வண்டியில் அது பெரும்பாலும் கியர் எண்ணெய். எண்ணெய் குறையக் குறைய உள்ளே அழுத்தம் விழும். கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். ஒரு கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை, கியர்பாக்ஸையே இறக்கும் செலவாகிவிடும்.

கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டைத்தான் பட்டறையில் ‘பேன்’ என்கிறார்கள். அதற்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இருப்பது கேஸ்கெட். எல்லா வண்டிக்கும் இது கிடையாது. பல ஹோண்டா ஆட்டோ வண்டிகளில் கழற்றும் பேனே இல்லை; வேறு சிலவற்றில் கேஸ்கெட்டுக்குப் பதில் பசை மட்டும் போடுவார்கள்.

கசிவு பேனில்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். எண்ணெய் மேலிருந்து வழிந்து பேன் விளிம்பில்தான் சொட்டும். கூலர் குழாய், டிரைவ் ஷாஃப்ட் சீல், வடிகால் போல்ட்டின் வாஷர் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து, முகப் பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் ஈரம் தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

ஜேக்கை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு அவசியம். எண்ணெய் ஆறியிருக்க வேண்டும். வடிகால் போல்ட் இல்லாத பேனில், ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி மட்டும் வைத்தால், மறுபக்கம் சாய்ந்து எண்ணெய் இறங்கும். வந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். டார்க் கன்வெர்ட்டரில் தங்குவது வராது என்பதால், இது மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லுகள் கிடந்தால் கோளாறு கேஸ்கெட்டில் இல்லை.

புதுக் கேஸ்கெட் போட்டும் ஒழுகுகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி முறுக்கிய கைதான். பேன் மெல்லிய தகடு. போல்ட்டை இறுக்க இறுக்கத் துளையைச் சுற்றிய தகடு மேல்நோக்கிக் குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே அழுத்தம் குறைந்து, அங்கே எண்ணெய் கசியும். எனவே கழற்றிய பேனின் விளிம்பைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். குழிந்திருந்தால், கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது மேலே கியர்பாக்ஸ் முகம் அலுமினியம் என்பது நினைவிருக்கட்டும். கத்தி கீறிய கோடும் கசிவுக்கு வழி. இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிட வேண்டும்.

சிலிக்கனைத் தாராளமாகப் பூசுவது பல பட்டறைகளில் ஊறிய பழக்கம். கேஸ்கெட் உள்ள பேனுக்கு அது தேவையில்லை. உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்து ஃபில்டரை அடைக்கும். ரப்பர் கேஸ்கெட்டை வழுக்கி வெளியே தள்ளவும் செய்யும். கேஸ்கெட் நகராமல் இருக்க, நான்கு துளைகளில் மெல்லிய நூலால் கட்டி, போல்ட்டுகளைப் போட்ட பிறகு நூலை அறுத்து எடுத்துவிடலாம்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்ற வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித் தேவைப்படும். பேன் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 5 முதல் 12 வரைதான். சரியான எண் அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். அளவு காட்டும் டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துவது நல்லது.

கையேடு சொல்லும் வகை எண்ணெயையே, வடித்த அளவுக்கு ஊற்ற வேண்டும். சிவிடி வண்டிக்கு எண்ணெய் வேறு. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைக்கும் மெதுவாக மாற்றி, சூடான பின் டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். அதைப் பார்த்துக் கேஸ்கெட் ஒழுகுகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் எண்ணெயின் வெப்பநிலையை அளந்துதான் மட்டம் பார்க்க முடியும். அந்த வேலையைப் பட்டறையிடம் விடுவதே நல்லது.

பழைய எண்ணெயை வாய்க்காலிலோ செம்பனை மரத்தடியிலோ ஊற்றாமல், மூடியுள்ள கலனில் பட்டறையில் கொடுக்கலாம். அடுத்த சில இரவுகள் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் போதும்.