சூலகத்தில் உதிரும் கலங்கள்

தாயின் கருப்பையில் பெண் மகவொன்று ஐந்து திங்கள் நிரம்பும் வேளையில், அதன் சூலகங்களில் ஏறத்தாழ 70 இலட்சம் முட்டைக்கலங்கள் உள்ளன. அது பிறக்கும்போது எஞ்சுவன 20 இலட்சமளவே. 1963ஆம் ஆண்டு பேக்கர் என்னும் ஆய்வாளர் எண்ணி வெளியிட்ட கணக்கு இது. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன நானூறளவே எனின், ஏனையவை என்னவாயின?

1885ஆம் ஆண்டிலேயே இதற்கொரு தடயம் கிடைத்திருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் பிளெமிங் முயலின் சூலகப் புடைப்புகளை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, கலங்களின் கரு சுருங்கித் துண்டுகளாகிக் கரைவதைக் கண்டு படமும் வரைந்தார். கலம் இரண்டாகப் பிரியும் முறையை உலகுக்கு விளக்கியவரும் அவரே. பிரிவைப் போற்றிய உலகம் மடிவைப் பல்லாண்டுகள் மறந்திருந்தது.

1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் இவ்வகை மரணத்துக்கு 'அப்பொப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் அது. மரத்தினின்று இலை உதிர்தலைக் குறிப்பது. காயத்தால் நேரும் சாவன்று, கலம் தானே நிகழ்த்தும் சாவு என்பது கருத்து.

அதனை ஏவுவதும் தடுப்பதும் புரதங்களே. பி.சி.எல்.-2 என்னும் புரதம் கலத்தை வாழவைக்கும் என 1988இல் மெல்பேர்ணில் அறியப்பட்டது. 1993இல் கோர்ஸ்மயர் குழுவினர் அதனோடு பிணைந்திருக்கும் பாக்ஸ் என்னும் புரதத்தைக் கண்டனர். காவலன் பிடி தளருமாயின், பாக்ஸ் இழைமணியின் சுவரில் துளையிட்டுச் சாவைத் தொடக்கிவிடும். 1999இல் பாக்ஸ் அற்ற சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, முதுமையிலும் அவற்றின் சூலகத்தில் புடைப்புகள் அழியாதிருந்தன.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் பெறும் சிறுமியரின் சூலகம் பெரும்பாலும் இவ்வழியாலேயே வெறுமையாகின்றது. முட்டைக்கலத்தில் செயலற்று இருக்கும் பி63 புரதம், மரபுப்பொருள் சேதமுற்றதும் நான்கு நான்காய் இணைந்து விழித்து, பூமா, நொக்சா என்னும் இரு கொலைப் புரதங்களைத் தோற்றுவிக்கின்றது. 2012இல் அவ்விரண்டையும் நீக்கிய சுண்டெலிகள் கதிர்வீச்சின் பின்னும் நலமான குட்டிகளை ஈன்றன. மனிதரில் இவ்வாறு தடுப்பது எளிதன்று; சேதம் நிறைந்த முட்டை பிழைத்திருப்பின், அச்சேதம் அடுத்த தலைமுறைக்கும் சென்றுவிடக்கூடும்.