ஓவியர் கண்ட திருக்கோயில்கள்

திருக்கோயில் என்பது கல்லும் சுதையும் மட்டுமன்று. இறைவன் எழுந்தருளி உயிர்கட்கு அருள்புரியும் இடம் என்பது சைவர்தம் துணிபு. கடல் கடந்து வந்த ஐரோப்பிய ஓவியர் இத்துணிபு உடையரல்லர். ஆயினும் அவர் வரைந்த படங்கள் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன.

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-ஆம் ஆண்டில் சென்னையினின்றும் புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினர். இருட்பெட்டியில் கண்ணாடி வில்லை வழியே விழும் உருவத்தைத் தாளில் ஏற்றுக் கோடிட்டமையால் அளவு பிறழாது வரைய இயன்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலும் மாமல்லபுரத்துக் குடைவரையும் அங்ஙனம் வரையப்பெற்றன. 144 படங்கள் கொண்ட அவர்தம் தொகுதி 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்தது.

அவர்க்குப் பின் வந்தவர் ஹென்றி சால்ட். வாலன்ஷியா பிரபுவுடன் வந்து இராமேச்சுரத் திருக்கோயிலை வரைந்த இவரே, பின்னர் எகிப்தில் ஆங்கில அரசின் தூதரானார். அங்கே மணலிற் புதைந்து கிடந்த அபு சிம்பெல் பெருங்கோயிலின் வாயில் 1817-இல் இவர்தம் பொருளுதவியால் திறக்கப்பெற்றது. உள்ளே மலையனைய சிலைகள் இருந்தன, விளக்கேற்றுவார் இலர். இராமேச்சுரத்திலோ அன்றும் வழிபாடு நிகழ்ந்தது, இன்றும் நிகழ்கின்றது. ஒருவரே கண்ட இருவகைக் கோயில்கள் இவை. வழிபடும் அடியாரே கோயிலுக்கு உயிர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் நாம் இறுமாந்திருத்தல் தகாது. எகிப்தில் மணல் மூடியது. காஞ்சியில் நாமே சுண்ணாம்பு கொண்டு மூடினோம். இராசசிம்மன் எடுப்பித்த கயிலாயநாதர் கோயிலின் பல்லவர் கால ஓவியங்கள், பிற்காலத்துப் பூச்சின் கீழ் மறைந்து கிடந்து, 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டுணர்ந்த பின்னரே வெளிப்பட்டன. பக்தியோடு செய்த பணியே மறைப்பாயிற்று! நம் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலில், இருகப்பன் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இன்றும் உள. அவற்றைக் காணுந்தோறும், பிற கோயில்களில் நாம் இழந்தவை எத்துணையோ என்று நெஞ்சம் நைகின்றது.

ஆகவே, திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்க்கு அடியேனது விண்ணப்பம் ஒன்று. பூச்சு வேலை தொடங்குமுன் சுவர், விதானம், தூண், கல்வெட்டு அனைத்தையும் படமெடுத்தும் படியெடுத்தும் வைக்கச் செய்யுங்கள். அந்நியர் அன்று செய்த அதனை அடியார் நாம் செய்யாதொழிதல் முறையாகுமோ? புதுக்குதல் புண்ணியம், பழமையைப் போற்றிப் புதுக்குதல் பெரும்புண்ணியம்.

திருவருள் முன்னிற்க.